இருபத்திரண்டு அடி ஒயர்

ஒயர் நீண்டால் சத்தம் வழியிலேயே செத்துப்போகும் என்பது அண்ணனின் கட்சி. அதை அவர் வாயால் கேட்க வேண்டும். "ஒயரு நீண்டுச்சுன்னு வையி சார், பாட்டு வர்ற வழிலயே செத்துப்பூடும். பொட்டியாண்ட வந்து சேர்றது வெறும் பொணம்" என்பார். சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கும் தையல்காரர் டேப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காட்டுவார். ஹார்டுவேர் கடைக்காரர் கழுத்தில் தையல் டேப் எதற்கு என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

முடிச்சூரில் அவருடைய வீட்டின் கீழ்ப்பகுதியில் நான் நான்கு வருஷம் குடியிருந்தேன். கிண்டியில் ஆபீஸ். காலையில் தாம்பரம் போய் ரயில் பிடித்தால் சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பி வருவேன். மாடியில் அண்ணனும் அக்காவும். அக்கா என்று நான் சொல்வது அவருடைய மனைவியை. அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். வீடு நிற்கும் இடத்தில் அவருடைய அப்பா நெல் போட்டிருந்தாராம். பெருவெள்ளத்தின்போது கீழ்வீட்டில் மார்பளவு தண்ணீர் நின்றது. அதில் அவருடைய முதல் பாட்டு செட் முழுகிப்போனது. அப்புறம் வாங்கியதை மாடி ஹாலில் வைத்தார். கீழ்வீட்டை எனக்கு வாடகைக்கு விட்டார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை அண்ணா என்பேன், ஆனாலும் அவர் என்னை சார் என்பார். படித்தவன், பேண்ட் போட்டுக்கொண்டு ரயிலில் ஆபீசுக்குப் போகிறவன் என்ற மரியாதை. அந்த மரியாதைதான் எல்லாவற்றுக்கும் வினையாக முடிந்தது.

ஒயர் விஷயத்தில் அவருக்கு இருந்த பயம் வெறும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. இருபது வயதில் அவர் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்குக் கட்டியிருக்கிறார். ஏரிக்கரைப் பக்கத்து ஆட்கள் எங்கள் தெருவுக்கும் ஒரு புனல் ஸ்பீக்கர் கட்டு என்றார்கள். கையில் இருந்த மெல்லிய ஒயரையெல்லாம் முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு ஏரிக்கரை வரைக்கும் இழுத்துவிட்டார். கோயில் வாசலில் பாட்டு காதைப் பிளக்கிறது, ஏரிக்கரைப் புனலில் கொசு கத்துவதுபோல் வருகிறது.

"எங்க தெருன்னா மட்டும் உனுக்கு எளக்காரமான்னு அடிக்க வந்துட்டானுங்க சார். வேட்டிய புட்ச்சி இழுத்துட்டாங்க. பொம்பளைங்கல்லாம் நின்னு பாத்துகினு கீறாங்க. அன்னிக்கி வெச்சேன் சார், ஒயரு மேல ஒரு கண்ணு."

இந்தக் கதையை அவர் எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் வேட்டியை இழுத்த கட்டம் வரும்போது இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

அதிலிருந்து எது நீண்டாலும் அவருக்கு ஆகாது. துணி காயப் போடும் கொடியைப் பாதியாக வெட்டிவிட்டார். அக்கா ஈரப் புடவையை நான்காக மடித்துப் போட்டுக் காயவைப்பாள். மாடித் தொட்டிக்குப் போகும் ஓஸ் அரையடி எட்டாது, பக்கெட்டில் பிடித்து ஊற்ற வேண்டும். கடை, வீட்டுக்கு அடுத்த கட்டடம். மகளுக்குக் கோயம்புத்தூரிலிருந்து நல்ல இடம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பெருங்களத்தூரிலேயே கட்டிக்கொடுத்தார். "கோயம்புத்தூர்லேந்து அவ அழுதா இங்க வரைக்கும் கேக்குமா சார்?" என்று என்னிடம் கேட்டார். போன் இருக்கிறதே என்றேன். போனிலும் எங்கோ ஒரு ஒயர் இருக்கும் என்றார். ஒயரின் மேல்தோலைப் பல்லால்தான் உரிப்பார். சிரித்தால் முன்பல்லில் செம்பு மின்னும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்னை மாடிக்குக் கூப்பிடுவார். அது ஒரு பூஜை மாதிரி. ஃபேன் சத்தம் வரக்கூடாது என்று நிறுத்திவிடுவார். அக்கா மிக்ஸி போடக்கூடாது. குக்கரை இறக்கிவைத்துவிட வேண்டும். ஹாலின் நடுவில் அவருடைய பிரம்பு நாற்காலி. அதன் நான்கு காலுக்கும் தரையில் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டிருந்தார். இரண்டு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்தும் சரிசமமான தூரம், டேப் வைத்து அளந்தது. நாற்காலிக்கு நேர் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல். வேர்த்து ஊற்றும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

எப்போதும் முதலில் ஒரே பாட்டுத்தான். ஏதோ பழைய சினிமாப் பாட்டு. பெண் குரல் வலது பக்கப் பெட்டியிலிருந்து வரும். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் இடது பக்கப் பெட்டியில் ஒரு புல்லாங்குழல் நுழையும். அவள் கூப்பிட்டு அது பதில் சொல்வதுபோல் இருக்கும். அந்தக் குழல் வரும்போது அண்ணன் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், கொழலு?" என்பார். "பிரமாதம்ணா" என்பேன். அக்கா காபி கொண்டுவருவாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் தடவை மாடிக்குப் போனபோது, அவர் அவ்வளவு விவரமாகப் பேசுகிறாரே, நாமும் ஏதாவது சொல்லிவைக்கலாம் என்று, "நானும் சின்ன வயசுல வயலின் கத்துக்கிட்டவன்தான்" என்றேன். எட்டு மாசம் கற்றுக்கொண்டேன். அதில் மூன்று மாசம் வில்லைப் பிடிக்கவே சொல்லிக்கொடுத்தார்கள். அதை நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் என்னைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "சாரு பாட்டு பட்ச்சவரு, காது அப்பிடி" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீசில் என்னைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான் குடிவந்த மூன்றாவது வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஓடுகிறது. குழல் வந்தது. அண்ணனின் விரல் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பாதி குழல் போன பிறகு, சந்தேகமாக எழுந்தது. பாட்டை நிறுத்தினார்.

"சார், லெஃப்ட்டு கொஞ்சம் கொறச்சலா கீதா?"

எனக்குக் குழல் நன்றாகவே கேட்டது. எப்போதும் கேட்பதுபோல் தெளிவாகக் கேட்டது. ஆனால் இப்படிப்பட்ட கேள்விக்கு 'இல்லை' என்று சொல்வது லேசான காரியம் கிடையாது. சவுண்டு கேட்பவர்களின் கூட்டத்தில், ஒருத்தருக்குக் கேட்கும் நுணுக்கம் இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை என்றால் கேட்காதவனுடைய காதுதான் மட்டம் என்று அர்த்தம். வயலின் காது ஒரே நாளில் வெறும் காதாகிவிடும். நான் தலையைச் சாய்த்து யோசிப்பதுபோல் பாவனை செய்து, "ஆமாண்ணா, லேசா கம்மியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா! நான் நெனச்சேன். ஒயரு சார், ஒயரு!"

ஆம்ப்ளிஃபயர் வலது சுவர் ஓரமாக ஒரு இரும்பு ஷெல்ஃபில் இருந்தது. வலது பெட்டிக்கு ஆறடி ஒயர் போதும். இடது பெட்டிக்கு ஒயர் பால்கனிக் கதவின் நிலைக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போக வேண்டும். இருபத்திரண்டு அடி. திங்கட்கிழமையே ரிச்சி தெருவுக்குப் போய் விரல் தடிமனில் செம்பு ஒயர் வாங்கிவந்தார். மறுநாள் கதவின் கீழ்ப்படியைக் கொத்தி அதற்குள் ஒயரைப் பதித்தார். இருபத்திரண்டு பதினைந்தாகக் குறைந்தது. கூப்பிட்டார், போனேன்.

"இப்ப?"

"இப்ப பரவாயில்லண்ணா."

அடுத்த நாள் ரயிலில் போகும்போது போனில் தேடிப் படித்தேன். நீளம் மட்டும் பார்த்தால் போதாது, தடிமனும் சேர்ந்ததுதான் கணக்கு என்று போட்டிருந்தார்கள். மெல்லிய ஒயரைத் தெருக்கோடி வரை இழுத்தால் சத்தம் குறையும், அது உண்மை. ஏரிக்கரையில் நடந்தது அதுதான். ஆனால் ஒரு ஹாலுக்குள், அவர் வாங்கிவந்த தடிமனில், ஆறடி என்றாலும் இருபத்திரண்டு அடி என்றாலும் மனிதக் காது வித்தியாசம் கண்டுபிடிக்காது. அதற்குக் கீழேயே இன்னொன்றும் இருந்தது. ஒரு பக்கம் குறைவாகக் கேட்டால் முதலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாருங்கள். குறை அதே பெட்டியோடு நின்றால் கோளாறு செட்டில் இருக்கிறது. உங்களோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு உங்கள் காதில் இருக்கிறது.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், 'அப்ப உனக்கு எப்படி சார் கம்மியா கேட்டுச்சு' என்பார்.

இரண்டு நாள் சரியாக இருக்கும், மூன்றாம் நாள் கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார். "மறுபடி பூட்ச்சி சார். கொழலே காணம்." அடுத்து ஷெல்ஃபை ஹாலின் நடுவுக்கு நகர்த்தினார். ஒன்பது அடி. அதற்கப்புறம் இடது சுவருக்கே கொண்டுபோனார். நாலடி. இப்போது வலது பெட்டிக்குத்தான் ஒயர் நீளம், இருபது அடிக்கு மேல் போனது. ஆனால் வலது பக்கம் ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பெண் குரல் எப்போதும்போல் கணீரென்று கேட்டது. நீளமான ஒயர் நன்றாகப் பாடுகிறது, குட்டை ஒயர் ஊமையாக இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நான் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "அதுக்கு இன்னா சார், ரைட்டு தாங்கிக்கும்" என்றார்.

ஒருநாள் பேலன்ஸ் குமிழை இடது பக்கம் முக்கால்வாசி திருகி வைத்திருந்தார். குழல் காதில் ஈட்டி பாய்ச்சுவதுபோல் வந்தது. அந்தப் பெண் குரல் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. அவர் விரலைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "இப்ப சமமா கீதா சார்?" என்று கேட்டார்.

"இப்பதாண்ணா சமமா இருக்கு" என்றேன். அப்படி ஒரு பொய்யை என் வாயால் நான் சொன்னேன்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் காலை நான் வண்டியை எடுக்கும்போது படியிறங்கி வந்தாள். "சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. இவருக்குக் காதுல இன்னாவோ ஆயிட்ச்சி. இந்தாண்ட நின்னு கூப்டா திரும்ப மாட்டேங்கறாரு. போனை வலது காதுக்கு மாத்திக்கினாரு. படியெறங்கும்போது செவுத்த புட்ச்சிக்கினு எறங்கறாரு. டாக்டராண்ட போலாம்னா, சாருக்கே கம்மியாத்தான் கேக்குதாம், ஒயருதான்னு என் மேல எரிஞ்சி வுழுறாரு. நீங்க சொன்னா கேப்பாரு சார்."

நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். "ஒயர்லயும் கொஞ்சம் பிரச்சனை இருக்குக்கா. நான் பேசறேன்" என்றேன். பேசவில்லை. பேசப்போனால் ஆறு மாசத்துப் பொய்யை முதலில் எடுத்து வெளியே போட வேண்டும். நாளைக்கு, அடுத்த ஞாயிறு, ஆபீசில் ஆடிட் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அக்கா அதற்கப்புறம் என்னிடம் கேட்கவில்லை. படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டிருப்பாள்.

இப்போது சொல்லப்போவதை நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் அரை நாள், சீக்கிரம் வந்துவிட்டேன். மோட்டார் சாவி வாங்க மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பிரம்பு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் கால்கள் சிவப்பு வட்டங்களை விட்டு விலகியிருந்தன. குழல் வந்தது. அவருடைய விரல் சட்டென்று, பழைய நாள் மாதிரி, சரியான நேரத்தில் எழுந்தது. எழுந்த விரல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கித் தொடையில் விழுந்தது.

அந்தச் சோதனையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மைக் செட் கட்டியவர், தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். இடது பெட்டி இப்போது அவருடைய வலது காதுப் பக்கம் இருந்தது. குழல் நன்றாகக் கேட்டுவிட்டது. பெட்டியிலும் கோளாறு இல்லை, ஒயரிலும் இல்லை.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். நாற்காலியைத் திருப்பி வட்டத்துக்குள் வைத்தார். "ஒண்ணும் இல்ல சார், தூசி தட்டினேன்" என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அக்கா மேல சத்தியமா சொல்லு. உனுக்கு லெஃப்ட்டு கம்மியாத்தான கேட்டுச்சு?"

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த விரல் எழுந்து விழுந்ததை நான் பார்த்தேன். இல்லண்ணா, எனக்கு எப்பவுமே நல்லாத்தான் கேட்டுச்சு, வாங்க இப்பவே டாக்டரிடம் போகலாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருப்பார். நாற்காலி பாதி சொல்லிவிட்டது, மீதியை நான் சொல்ல வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல் இருந்தது. அந்தக் கெஞ்சலைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய். என் வயலின் காதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

"சத்தியமா கம்மியாத்தாண்ணா கேட்டுச்சு."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். சிரித்தார். முன்பல்லில் செம்பு தெரிந்தது. "அதான பாத்தேன்! லூஸ் காண்டாக்டு சார், அப்பப்போ வந்து அப்பப்போ பூடுது. இவ வேற காது காதுன்னு ஒரே பேஜாரு பண்றா." அக்காவைக் கூப்பிட்டு எனக்குக் கேசரி கொடுக்கச் சொன்னார். நான் அதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் ஐந்து மாசம் வெட்டினார். நாலடி மூன்றாயிற்று, இரண்டாயிற்று. இடது பெட்டியை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார். கடைசியில் ஒரு அடி, அதுவும் இல்லை, ஒரு சாண். சிவப்பு வட்டத்துக்கு இப்போது வேலை இல்லை, நாற்காலியையே பெட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். கடைக்குப் போகும் வழியில் இரண்டு தடவை விழுந்தார். கேட்டால் ரோடு சரியில்லை என்பார். முடிச்சூரில் ரோட்டைக் குறை சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்.

ஒரு நாள் காலை அக்கா அலறினாள். ஓடினேன். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வெட்டிப்போட்ட செம்புத் துண்டுகள். கையில் கட்டர். இடது பெட்டியின் முதுகும் ஆம்ப்ளிஃபயரின் முதுகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

"இன்னும் வெட்றதுக்கு ஒயரு இல்ல சார்" என்றார். சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

ஒயர் இருந்த வரைக்கும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அது தீர்ந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொண்டார்.

தாம்பரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். சின்ன வயசுப் பெண். இரும்பு இசைக்கவை ஒன்றை மேஜையில் தட்டி அவர் காதருகே பிடித்துப் பார்த்தார். நெற்றியில் வைத்துப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டு, "இடது காது எவ்வளவு நாளா கேக்கலை?" என்றார்.

"காது நல்லாத்தான் மேடம் கீது. ஒரு வருசமா ஒயர்ல தகராறு. நீங்க வேணா சாரைக் கேளுங்க, அவருக்கும் கம்மியாத்தான் கேட்டுச்சு. சாரு வயலின் வாசிக்கிறவரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குமா?"

அண்ணன் என் தோளைத் தட்டினார். "சொல்லு சார்."

"எனக்கு... சரியா ஞாபகம் இல்ல மேடம்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் நான் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை.

ஸ்கேனில் தெரிந்தது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்வதுதான், ஆனால் பெரிதாகிவிட்டது, தலையைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். வெளியே வரும்போது நான் மட்டும் பின்தங்கி, "ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டே, "சின்னதா இருந்திருந்தா வேற வழி இருந்திருக்கலாம். இப்ப அதப் பேசி என்ன சார்" என்றார்.

உயிர் பிழைத்தார். இடது காது முழுசாகப் போயிற்று. முகத்தின் இடது பாதி தொங்கிவிட்டது. இடது கண் மூடாது, தூங்கும்போது அக்கா பிளாஸ்திரி போட்டு ஒட்டுவாள். காபி குடித்தால் வாயோரம் ஒழுகும். கடையை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். மாமனார் மனசு ஆறட்டும் என்று அவரே மாடியில் செட்டைப் பழைய இடங்களில் வைத்து, கதவு நிலைக்கு மேலே பழையபடி நீளமாகப் புது ஒயர் இழுத்துக்கொடுத்தார். அதே இருபத்திரண்டு அடி.

ஆபரேஷன் முடிந்து நான்காவது மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா கீழே வந்தாள். "கூப்டறாரு" என்றாள். நான் போனேன். ஃபேன் நின்றிருந்தது. நாற்காலி சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது. அவரே பாட்டைப் போட்டார். அந்தப் பெண் குரல் பாடி மூச்சு வாங்கியது. குழல் வந்தது. அவர் விரல் தொடையிலேயே கிடந்தது. குழல் போய், அவள் மறுபடி பாடி, பாட்டு முடிந்தது.

நான் ஸ்டூலை விட்டு எழுந்து அவருடைய வலது பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தேன். வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு அன்னிக்கும் குழல் நல்லாத்தாண்ணா கேட்டுச்சு. முதல் நாள்லேருந்தே நல்லாத்தான் கேட்டுச்சு. நீங்க நாற்காலிய திருப்பிப் போட்டிருந்ததையும் பாத்தேன். அது எதுக்குன்னும் எனக்குத் தெரியும். நான் பொய் சொல்லிட்டேண்ணா."

அவர் என்னைப் பார்த்தார். மூடாத அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது அழுகையா, எப்போதும் வழிவதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

"பொய் சொல்லாத சார்" என்றார். வார்த்தைகள் வாயோரமாகக் கசங்கி வந்தன. "அன்னிக்கி உனுக்குக் கம்மியாத்தான் கேட்டுச்சு. நீ சத்தியம் பண்ண. இப்ப என் மூஞ்சப் பாத்துப் பாவப்பட்டு மாத்திச் சொல்ற. உனுக்குக் கேக்கலன்னுதான நான் ஒயரு வெட்டினேன்? ஒரு வருசம் வெட்டினேனே சார்! சும்மாவா வெட்டினேன்?"

நான் மறுபடி சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சமையல்கட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். திரும்பி உள்ளே போனாள்.

அண்ணன் ஷெல்ஃபிலிருந்து கட்டரை எடுத்தார். அதை என் கையில் திணித்துவிட்டு, கதவு நிலைக்கு மேலே போகும் ஒயரைக் காட்டினார்.

"மாப்ள வெவரம் தெரியாம நீட்டி வுட்டுட்டான். ஏறி அந்த வளைவை மட்டும் எடுத்துடு சார். ஏழடி கொறையும்."

நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். நிலைக்கு மேலே இருந்த வளைவை வெட்டினேன். முனைகளைப் பல்லால் உரித்தேன், வாயில் செம்பு கசந்தது. படியில் ஏற்கெனவே கொத்தியிருந்த பள்ளத்தில் ஒயரைப் பதித்து, இரண்டு முனையையும் முறுக்கிப் பெட்டியில் சொருகினேன். அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தார். வலது கண் மட்டும் மூடிற்று. பாட்டைப் போட்டேன். குழல் வந்தது, எப்போதும்போல் தெளிவாக, பக்கத்தில் நின்று ஊதுவதுபோல் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அதை முழுசாகக் கேட்டேன்.

பாட்டு முடிந்ததும் அவர் மெதுவாகத் திரும்பினார்.

"இன்னா சார், இப்ப?"

நான் எழுந்துபோய் அவருடைய வலது காதருகே குனிந்தேன்.

"இப்ப சரியா இருக்குண்ணா" என்றேன்.